தவிடு சாப்பிடச் சொன்ன காலம்

போன மாதம் இரண்டு பெண்கள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் இப்போது அவர்கள்தான் டயட்டீஷியன்களாம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ வராது என்பதால் ஸ்டேஷன் பக்கமே இறங்கி, வெயிலில் நடந்து, வியர்த்துக் கொட்டி வந்து உட்கார்ந்தார்கள். போனை மேஜைமேல் வைத்து, "பேசுங்க மேடம், பதிவு பண்ணிக்கறோம்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "அந்தக் காலத்துல எல்லாரும் இயற்கையாவே நார்ச்சத்து நிறைய சாப்ட்டு ஆரோக்கியமா இருந்தாங்க, இல்ல மேடம்?"

"யாரும்மா உனக்குச் சொன்னா?" என்றேன். கொஞ்சம் கடுப்பாகவே வந்துவிட்டது. பாவம், பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று. முழங்கால் வலி, அன்றைக்குக் கரண்ட் வேறு இல்லை. ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி முறுக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்களிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தை நான் பார்த்தேன், அம்மா. அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் வசதியான வீடு என்றால் சாதம் மல்லிகைப்பூ மாதிரி இருக்க வேண்டும். கடையில் அரிசியைக் கையில் ஏந்தி, தவிட்டுச் சிவப்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தெரிந்தால் வேண்டாம். கீரை செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது, ராத்திரி ஆகவே ஆகாது. அவரைக்காய்க்கு நார் உரிப்பார்கள், கத்தரிக்காய்க்கு விதை எடுப்பார்கள், நாளுக்கு நாலு தரம் காப்பி. கண்ட வீட்டிலெல்லாம் மலச்சிக்கல். அதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் மனையியல் படித்தேன். பிறகு ஒரு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் தராசும் கையுமாக நின்றேன். அதற்குப் பிறகு லஸ் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். படித்ததைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. வேலை கற்றது முழுக்க எங்கள் சர்ஜனிடம். எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. ரவுண்ட்ஸ் வந்தால் கட்டில் கால்மாட்டில் நின்று பேனாவால் கம்பியில் ஒரு தட்டு தட்டுவார். அப்புறம் மூன்றே கேள்வி. "பசிக்கறதா? தூக்கம் வரதா? மோஷன் ஆறதா?" வரிசை மாறாது. நோயாளியின் முகத்தை அதிகம் பார்க்க மாட்டார். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்துத்தான் கேட்பார். நோயாளி ஆம்பளையாக இருந்தால் அவனே பதில் சொல்வான். பெண்ணாக இருந்தால் புருஷனோ மாமனாரோ அண்ணனோ சொல்வார்கள். அவள் வயிற்றுக்குப் போயிற்றா இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்போது யாரும் கேட்கவில்லை. ஊர் வழக்கமே அதுதான்.

குடல், மூலம் இதெல்லாம்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வைத்தியம். அந்த நோயாளிகளுக்கு அவர் எழுதுவது சக்கை இல்லாத சாப்பாடு. குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், உரசுகிற பொருள் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது அப்போதைய பாடம். பாடத்தில் அப்படித்தான் இருந்தது, நானும் அப்படியே செய்தேன். கஞ்சியை மல் துணியில் இரண்டு தரம் வடிகட்டுவோம். தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோல் உரித்து, விதையை வழித்து எறிவோம். பருப்பு வேகவைத்து மேல் தண்ணீர் மட்டும். பால், ரொட்டி, அதுவும் ஓரம் வெட்டிய ரொட்டி. வாழைத்தண்டு, வெண்டைக்காய், கீரை எல்லாம் அந்த வார்டு வாசல்படி ஏறக்கூடாது.

எங்கள் தலைமைச் சமையல்காரர் முனுசாமி. பட்டினப்பாக்கத்துக்காரர். அவருக்கு இது பொறுக்கவே இல்லை. துணியில் தங்கிய சக்கையைத் தினமும் என்னிடம் தூக்கிக் காட்டுவார்.

"இன்னாம்மா இது? நல்லதெல்லாம் இங்க கீது. கீய போறது வெறும் தண்ணி. இத்த துன்னுட்டு எப்டிம்மா அந்த ஆளு கக்கூஸ் போவான்?"

"டாக்டர் சொல்லியிருக்கார் முனுசாமி."

"டாக்டர் சொன்னா சரி. குடல் கேக்கணுமே."

வாயை மூடிக்கொண்டு வடிகட்டு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆபரேஷன் ஆன ஆட்கள் அப்புறம் படுகிற பாடு எனக்கும் தெரியும். கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் பெரிய பெரிய ஆபீசர்கள் அழுவதை அந்தக் காரிடாரில் நடந்த எவளும் கேட்டிருப்பாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் காற்று திசை மாறியது. பெரிய டாக்டர் வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வாசிப்பவர். ஒரு காலை என்னைக் கூப்பிட்டு, "இத்தனை நாள் பண்ணிண்டிருந்தது தப்பும்மா. இனிமே எல்லாருக்கும் தவிடு" என்றார். என்னமோ காப்பிக்குச் சர்க்கரை குறைத்துவிடு என்பதைப் போலச் சொன்னார். வருஷக்கணக்காகத் துணியில் வடிகட்டிய கைகள் எனக்கு. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் "சரி டாக்டர்" என்றேன்.

தவிட்டுக்கு எங்கே போவது? மந்தைவெளியில் மாட்டுத்தீவனக் கடை இருந்தது. கோதுமைத் தவிடு மூட்டையாகக் கேட்டதும் கடைக்காரர் முனுசாமியைப் பார்த்து, "இன்னா நைனா, ஆஸ்பத்திரில மாடு கட்டிக்கினு கீறீங்களா?" என்றாராம். முனுசாமி வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் மனிதர் வேலையைச் சுத்தமாகச் செய்தார். கல், தூசி போகச் சலித்து, வண்டு பார்த்து, வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து ஆறவைப்பார். மோரில் கரைத்தோ, சப்பாத்தி மாவில் பிசைந்தோ, கஞ்சியில் தூவியோ கொடுப்போம். கூடவே தண்ணீர். தவிடு தண்ணீரை இழுத்து ஊறினால்தான் குடலில் வழுக்கிப் போகும். தண்ணீர் இல்லாவிட்டால் உள்ளேயே இறுகிவிடும். இதை நான் ஒவ்வொரு கட்டிலிலும் தொண்டை காயச் சொல்வேன். ஸ்பெஷல் ரூமில் இருந்த ஒரு ரிடையர்டு ஜட்ஜ் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, என்னைக் கொட்டில்ல கட்டப்போறேளா?" என்றார். ஒரு வாரம் கழித்து அவரே இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தவிடு நல்ல மருந்துதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. நான் சொல்ல வந்தது செல்வக்கனியைப் பற்றி.

தி.நகரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு பாத்திரக் கடை. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, தோளில் சுமந்து விற்று, சொந்தமாகக் கட்டடம் வாங்கியவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. செல்வக்கனி அவருடைய மருமகள். இருபது வயது இருந்தால் அதிகம். அவளை அண்ணாச்சிதான் அழைத்துவந்தார். ரொம்ப நாளாக வயிற்றுவலி, மூலத்தில் ரத்தம், முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. பெரிய டாக்டர் வழக்கம்போலக் கேட்டார், அண்ணாச்சி வழக்கம்போலச் சொன்னார். "பசிக்கும் சார். நல்லா தூங்குவா. வயித்துக்குப் போறதுதான் கொஞ்சம் செரமம்." அவள் தலையைக் குனிந்து புடவை முந்தியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

தவிடு எழுதினார் டாக்டர். எப்படிச் சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று நான் விளக்கினேன். "குடிப்பியாம்மா?" என்று அவளைக் கேட்டேன். "குடிப்பா, குடிப்பா" என்றார் அண்ணாச்சி. அவளும் தலையாட்டினாள்.

அடுத்த மாதம் அவளை டாக்சியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. வாந்தி நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். வார்டு நடுவில் வைத்தே கத்தினார்.

"என்னம்மா குடுத்தே இந்தப் பொண்ணுக்கு?"

"நீங்க எழுதினதைத்தான் டாக்டர்."

"அடைச்சிண்டிருக்கு. சாயங்காலத்துக்குள்ள வழி விடலேன்னா திறந்துடணும். தெரியறதா?"

வயிற்றைத் திறப்பது என்றால் அந்த நாளில் விளையாட்டில்லை. அவள் உடம்பில் ரத்தமே இல்லை. வார்டு சிஸ்டர் எண்ணெய் எனிமா கொடுத்து, கையுறை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுத்தாள். அந்தப் பிள்ளை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வந்தது எல்லாம் தவிடு. செக்கில் ஆட்டிப் போட்ட பிண்ணாக்கு மாதிரி, ஈரம் என்பதே இல்லாமல் வந்தது. சொன்னபடி தவிட்டைத் தவறாமல் தின்றிருக்கிறாள், தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. சாயங்காலம் வழி விட்டது. கத்தி வைக்காமல் பிழைத்தாள். சிஸ்டர் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டே அழுதாள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. வார்டில் அந்தப் பெண் கூஜா கூஜாவாகத் தண்ணீர் குடித்தாள். நான் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. கீரை வைத்தால் கீரை, வாழைத்தண்டு வைத்தால் வாழைத்தண்டு, எதையும் மிச்சம் வைக்கவில்லை. நாலைந்து நாளில் வயிறு ஒழுங்காகிவிட்டது, முகத்தில் களை வந்துவிட்டது. "பாத்தியா, தவிடு பண்ற வேலையை" என்றார் பெரிய டாக்டர். அப்போது நாங்கள் அவளுக்குத் தவிடே கொடுக்கவில்லை. 

டிஸ்சார்ஜ் என்று சொன்ன அன்று காலை கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். மாமியார் கொடுமையோ என்று நினைத்துத் திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் ஆம்பளை இல்லாமல் நான் அவளோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"வீட்ல யாராவது அடிக்கிறாங்களா?"

"ஐயோ, இல்லக்கா. அத்தை தங்கமானவுக."

"புருஷன்?"

"அவுகளும் நல்லவுகதான்."

"பின்ன ஏம்மா அழற?"

முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் வார்டு மூலையைக் காட்டினாள். "இங்க கக்கூஸ் பக்கத்துலயே இருக்குல்லாக்கா."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கட்டடத்தில் கீழே கடை, முதல் மாடியில் சரக்கும் வேலையாட்கள் படுக்கிற இடமும், இரண்டாவது மாடியில் குடும்பம். கழிப்பறை ஒன்றே ஒன்று, அது கடைக்குப் பின்னால். குளிக்கிற இடமும் அங்கேயேதான். போக வேண்டுமானால் இரண்டு மாடி இறங்கி, வேலையாட்களைத் தாண்டி, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மாமனார் முதுகைத் தாண்டி, சரக்குப் பிரிக்கிறவர்கள் மத்தியில் நடந்து, கையில் வாளியோடு போக வேண்டும். வீட்டுப் பொம்பளை எவளும் அப்படிப் போனதில்லை. கடை திறப்பதற்கு முன்னால் ஒரு தரம், கடை சாத்திய பிறகு ஒரு தரம். நடுவில் கிடையாது. நடுவில் வந்துவிடக்கூடாது என்றால் தண்ணீரைக் குறைக்க வேண்டும், கீரையைக் குறைக்க வேண்டும், வந்தாலும் அடக்க வேண்டும். அடக்கி அடக்கி ஒரு கட்டத்தில் வருவதே நின்றுவிட்டது.

"இத ஏம்மா டாக்டர்கிட்ட சொல்லல?"

"மாமா நிக்காகள்லாக்கா. அவுக முன்னால இத எப்படிச் சொல்ல?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் சொல்லிராதீக. மானம் போயிரும். ஏற்கெனவே சீக்காளிப் பிள்ளையக் கட்டி வச்சுட்டாகன்னு பேச்சு. இன்னொரு மட்டம் படுத்தா ஊருக்குக் கொண்டுவிட்டுருவாக."

எனக்கு அலுத்துப்போய்விட்டது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். இதற்கு எந்தப் புத்தகத்தில் டயட் சார்ட் இருக்கிறது?

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பேனாவை மூடினார், திறந்தார். "நான் சர்ஜன்மா. கொத்தனார் இல்லை" என்றார். ஆனால் அன்றைக்கு அண்ணாச்சி வந்தபோது என்னையும் கூட நிற்கச் சொன்னார். செல்வக்கனி புறப்படத் தயாராக அண்ணாச்சிக்குப் பின்னால் நின்றாள், அவள் மாமியாரும் வந்திருந்தாள். கருப்பு நூல் புடவை, காதில் பாம்படம் போட்டு வளர்ந்த துளை. கதவோரம் நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "அண்ணாச்சி, ஆத்துல சானிட்டரி வசதி கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணணும்."

"ஆகட்டும் சார். தினமும் பினாயில் போட்டுக் கழுவச் சொல்லுதேன்."

"அதில்லை. ஆக்சஸ்... அதாவது லேடீஸுக்கு..." அதற்கு மேல் அவருக்கு வாய் வரவில்லை. எத்தனையோ பேர் வயிற்றைத் திறந்த கை அது. மேஜைமேல் இருந்த காகிதக்கல்லை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார்.

அவர் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் நான் சொன்னேன். "அண்ணாச்சி, உங்க மருமகளுக்கு மருந்து தவிடு இல்ல. மேல் மாடியில ஒரு கக்கூஸ். அது இல்லாம இவ தண்ணி குடிக்க மாட்டா. தண்ணி குடிக்கலேன்னா இன்னொரு தரம் இங்க வருவா. அந்தத் தரம் உயிரோட திரும்புவாளான்னு எனக்குத் தெரியாது."

அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துப் பேசினார். "சாமி கும்பிடுத மாடி சார் அது. அடுப்பு இருக்கு. அங்க போயி அதக் கெட்டச் சொல்லுதாக. வீட்டு விசயத்த வெளிய பேசுத பழக்கம் எங்களுக்குக் கெடையாது." எழுந்தார். செல்வக்கனி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் தாங்க முடியவில்லை. மூன்று பேரும் போய்விட்டார்கள்.

கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஊருக்கு அனுப்பியிருப்பார்கள், அங்கே நாலு பேர் நாலு பேச்சுப் பேசியிருப்பார்கள். பாண்டி பஜாருக்குப் போனால்கூட அந்தத் தெருப் பக்கம் போக மாட்டேன். வேலைக்கு என்ன குறைச்சல், புது ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் தவிடு கொடுத்தேன், தண்ணீர் குடியுங்கள் என்று சொன்னேன். ஒவ்வொரு பெண்ணிடமும் திரையை இழுத்துவிட்டு, வீட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். மாம்பலத்து ஒண்டுக்குடித்தனங்கள், திருவல்லிக்கேணிச் சந்துகள், கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள். கேட்கக் கேட்கச் சோர்வுதான் மிஞ்சியது. என்னால் யாருக்கும் எதுவும் கட்டிக்கொடுக்க முடியாது.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் வெளிநோயாளிப் பிரிவில் செல்வக்கனி வந்து நின்றாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் நிறைந்திருந்தது, மாசமாக இருந்தாள். கூட அண்ணாச்சி இல்லை, மாமியார்தான் வந்திருந்தாள்.

"கெட்டிட்டாகக்கா" என்றாள் செல்வக்கனி, காதோடு. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணாச்சி எப்படி ஒத்துக்கிட்டாரு? சாமி இருக்கிற மாடின்னாரே?"

மாமியார் பதில் சொன்னாள். "சாமியக் கீழ கடைக்கு எறக்கிட்டேன். முருகன் ஆம்பளப் பிள்ளைதான, அவரு கீழ இருந்துக்கிடட்டும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற சிஸ்டரும் சிரித்தாள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. செல்வக்கனி எடை பார்க்கப் போனதும் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க பேசுனதக் கேட்டு எம் மனசு பதறிப்போச்சு தாயி. அவளுக்கு அதச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். கல்யாணமாயி வந்த மறுநாளே சொன்னேன். காலையில ஒரு வாய் காப்பி போதும், தாகம் எடுத்தா ஒரு கிராம்ப வாயில அடக்கிக்க, தெரியாதுன்னேன். நல்லதுன்னுதான் சொன்னேன். நானும் அப்படித்தான இருந்தேன். அந்த வீட்டுக்கு ஒரு கக்கூஸ் வேணும்னு கேக்கலாம்ங்கதே எனக்குத் தோணல."

"இப்பதான் கட்டியாச்சே. நீங்களும் நல்லா தண்ணி குடிங்க" என்றேன்.

"குடிக்கலாம்னுதான் பாக்கேன்." கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "எனக்குத் தாகமே எடுக்க மாட்டேங்கு தாயி. அதுக்கு ஏதும் மருந்து இருக்கா?"

இல்லை என்று தலையசைத்துவிட்டு, கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன்.